மூட்டைக்குள் என்ன இருக்கிறது? வயிறு கெட்ட நாய்க்குப் பதில் சொல்லாத சட்டங்கள்

புது தில்லி: உணவு என்றால் என்ன? இந்தக் கேள்விக்கு நாடாளுமன்றம் 2006-ஆம் ஆண்டில் பதில் எழுதியது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் அந்த விளக்கம் இடம்பெற்றுள்ளது. மனிதர் உட்கொள்வதற்கான பொருள்கள் அனைத்தும் உணவு. புட்டியில் அடைத்த குடிநீர், மது வகைகள், சூயிங்கம் ஆகியவையும் அதில் அடங்கும். ஆனால் விலங்குத் தீவனம் அடங்காது என்று அதே பிரிவு கூறுகிறது.

இந்த ஒரு சொற்றொடரால் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் நாய் உணவுக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துவிட்டது. கால் கிலோ பிஸ்கட் பொட்டலத்தில் உட்பொருள்களின் பட்டியலும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம், பத்து கிலோ நாய் உணவு மூட்டையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பல நிறுவனங்கள் உட்பொருள்களை அச்சிடுகின்றன. ஆனால் அது அவற்றின் விருப்பமே தவிர, இச்சட்டத்தின் கட்டளை அல்ல.

நல்ல வயிறு வாய்த்த நாய்க்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. எதைத் தின்றாலும் செரித்துவிடும். அடிக்கடி வாந்தியும் பேதியும் காணும் நாய்க்குத்தான் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அன்றாடப் பிரச்னையாகிறது. தில்லியில் எழுதப்பட்ட விலக்கின் விளைவை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெங்களூரு ஈஜிபுராவின் சந்துகளில் காண முடிகிறது.

கோரமங்களாவை ஒட்டிய பகுதி ஈஜிபுரா. 2017-இல் பணி தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்ட மேம்பாலத்தால் நகரம் முழுவதும் பெயர் பெற்றது. விவேக் நகர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மேல் தளங்களில் கணினி நிறுவன ஊழியர்கள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். பழைய வீட்டு நாய் சோறு தின்னும், வாடகை வீட்டு நாய் மூட்டை உணவு தின்னும் என்ற பிரிவு முன்பு இருந்தது. இப்போது அது மறைந்து வருகிறது. மளிகைக் கடையிலேயே சிறு பொட்டலமாக உலர் உணவு தொங்குகிறது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் 'பெடிக்ரி' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

அங்கு வசிக்கும் என் தமக்கை வீட்டில் நான்கு வயது லாப்ரடார் நாய் ஒன்று உள்ளது. ஓராண்டில் ஐந்து வகை உணவு மாற்றியும் அதன் வயிறு சீராகவில்லை. ஐந்தாவது மூட்டையின் முகப்பில் 'சென்சிடிவ் ஸ்டமக்' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. "தம்பி, பார்லிமென்டில் எல்லாச் சட்டமும் உன் முன்னால்தானே வருகிறது? இதில் போட்டிருப்பதை யாராவது சோதித்துப் பார்த்திருப்பார்களா?" என்று அவர் கேட்டார்.

சட்டப்படி அவ்வாறு சோதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கே உள்ளது என்று தேடினால் கிடைக்கும் விவரங்கள் வியப்பளிப்பவை.

எடை தெரியும், பொருள் தெரியாது: மூட்டையைத் தொடும் முதல் சட்டம் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். அதன் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர எடை, மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். எடை எவ்வளவு என்று கேட்கும் இந்த விதிகள், அதில் கோழி எவ்வளவு, மக்காச்சோளம் எவ்வளவு என்று கேட்பதில்லை.

இரண்டாவது, இறக்குமதிச் சட்டம். இது 1898-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் விலங்குப் பொருள் கலந்த நாய் உணவுக்கு, கால்நடை பராமரிப்புத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி தேவை. அயல்நாட்டுக் கால்நடை நோய்கள் இங்கு நுழையாமல் தடுப்பதே இதன் நோக்கம். அந்த வேலையை அது செய்கிறது. உள்ளே இருப்பது செரிக்குமா என்பது அதன் கவலை அல்ல.

மூன்றாவதாக, இந்திய தர நிர்ணய அமைவனம். நாய், பூனை உணவுக்கென ஐ.எஸ். 11968 என்ற தர வரையறையை இந்த அமைப்பு வகுத்துள்ளது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி எந்தத் தர வரையறையும் தானாகக் கட்டாயமாகிவிடாது. மத்திய அரசு 16-ஆவது பிரிவின் கீழ் ஆணை பிறப்பிக்க வேண்டும். எந்தக் காரணங்களுக்காக அவ்வாறு செய்யலாம் என்று அப்பிரிவு பட்டியலிடும்போது, மனிதர், விலங்கு, தாவரங்களின் ஆரோக்கியத்தைக் காப்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டுள்ளது. விலங்கு என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. குழந்தைகளின் பொம்மைகளுக்கும் இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கும் இத்தகைய ஆணைகள் 2020-இல் வந்தன. நாய் உணவைப் பொறுத்தவரை, தர முத்திரை என்பது விரும்பும் நிறுவனம் விண்ணப்பித்துப் பெறும் ஒன்றாகவே இருந்து வருகிறது.

நான்காவது வரி. இதில் மட்டும் அரசுக்குத் தெளிவு உண்டு. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் வரி இல்லை. சில்லறை விற்பனைக்காகப் பொதியப்பட்ட நாய், பூனை உணவுக்கு 18 சதவீதம் விதிக்கப்பட்டது. உணவுச் சட்டத்தின் கண்ணில் அது தீவனம். ஆகவே சோதனை இல்லை. வரிச் சட்டத்தின் கண்ணில் அது மற்ற தீவனங்களைப் போன்றது அல்ல. ஆகவே விலக்கும் இல்லை.

நாடாளுமன்றத்தில் நாய்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்று சொல்லிவிட முடியாது. 2024-ஆம் ஆண்டில் நாட்டில் 37,17,336 நாய்க்கடி நிகழ்வுகள் பதிவானதாக 2025 ஜூலையில் மக்களவையில் அரசு தெரிவித்தது. கடி, வெறிநோய், தெருநாய் என்ற மூன்று தலைப்புகளைத் தாண்டி விவாதம் செல்வது அரிது. உயிர்கள் சம்பந்தப்பட்டது என்பதால் அந்த முன்னுரிமை நியாயமானதுதான். ஆனால் வீட்டு நாயின் உணவு என்பது பணக்காரர்களின் விவகாரம் என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈஜிபுராவின் மளிகைக் கடைகளைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

புரதம் என்ற எண்ணிக்கை: சட்டம் உதவாத நிலையில் வாங்குபவர் மூட்டையின் பின்புறத்தைத்தான் நம்ப வேண்டியுள்ளது. அங்கே 'கச்சாப் புரதம் 20 சதவீதம்' என்பது போன்ற வரிகள் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் உணவு உயர்ந்தது என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். வயிறு கெட்ட நாய்க்கு இந்த நினைப்புதான் முதல் பகை.

ஆய்வுக்கூடத்தில் கச்சாப் புரதம் நேரடியாக அளக்கப்படுவதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். நல்ல இறைச்சியிலும் நைட்ரஜன் உண்டு. கோழி இறகிலும் மாட்டுத் தோலிலும் உண்டு. எண் ஒன்றேதான். நாயின் குடல் அவற்றை நடத்தும் விதம் வேறு. செரிக்காத புரதம் பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கும். துர்நாற்றமுள்ள வாயுவும் இளகிய மலமும் அதன் அடையாளம். எவ்வளவு செரிக்கும் என்ற விகிதம்தான் வயிறு கெட்ட நாய்க்கு மிக முக்கியமான எண். மூட்டையில் பெரும்பாலும் அச்சாகாத எண்ணும் அதுவே.

இந்தக் கணக்கில் உள்ள ஓட்டையை உலகம் 2007-இல் கண்டது. அந்த ஆண்டு மார்ச் மாதம் வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட நாய், பூனை உணவு டப்பாக்களையும் உறைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சிறுநீரகம் செயலிழந்து விலங்குகள் இறந்ததே காரணம். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. மெலமைன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அதைக் கலந்தால் ஆய்வுக்கூடத்தில் புரத எண் உயரும். அவை ஈர உணவுகள்; ஆனாலும் ஏமாற்றப்பட்ட அளவுகோல் உலர் உணவுக்கும் அதுவேதான். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் தன் மருந்து நிர்வாகச் சட்டத்தைத் திருத்தியபோது, செல்லப்பிராணி உணவின் உட்பொருள், விவரச்சீட்டு, முன்னெச்சரிக்கை ஏற்பாடு ஆகியவற்றுக்கான பிரிவையும் சேர்த்தது.

'சென்சிடிவ்' என்ற சொல்லின் நிலை அங்கும் வலுவானதல்ல. அமெரிக்காவில் மாநில அதிகாரிகள் சங்கம் வகுத்த மாதிரி விதிகளைப் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றுகின்றன. உட்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும்; புரதம், கொழுப்பு ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவையும் நார், ஈரப்பதம் ஆகியவற்றின் உச்ச அளவையும் காட்ட வேண்டும்; எந்த வயது நாய்க்கு முழுமையான உணவு என்பதைச் சொல்ல வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஈரம் நீங்கிய எடையில் குறைந்தது 18 சதவீதப் புரதம், குட்டிக்கு 22.5 சதவீதம் என்பது அந்தச் சங்கத்தின் அளவு. இந்தியச் சந்தையில் உள்ள பல மூட்டைகளில் இந்தச் சங்கத்தின் பெயர் அச்சாகியிருப்பதைக் காணலாம். நம் சட்டம் கேட்காததை அந்நிய விதி கேட்டதால் கிடைக்கும் தகவல் அது.

அதே விதிகளில் வேடிக்கையான ஒன்றும் உண்டு. 'ஆட்டிறைச்சியுடன்' என்ற பொருள்படும் சொல்லை முகப்பில் போட 3 சதவீத ஆட்டிறைச்சி இருந்தால் போதும். 'ஆட்டிறைச்சிச் சுவை' என்று போட அந்த அளவும் தேவையில்லை. முகப்பைப் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதலில் மருத்துவர், பிறகு மூட்டை: வயிறு சரியில்லை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. குடற்புழு, ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, கணையக் கோளாறு, தெருவில் பொறுக்கித் தின்றது, ஒரே நாளில் உணவை மாற்றியது என்று காரணங்கள் பல. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் நாய்களில் புழுவும் ஒட்டுண்ணியும் சாதாரணம். மலப் பரிசோதனை செய்யாமல் மூட்டையை மாற்றிக்கொண்டே போவது, நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்துக் கடையை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

அவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு மிஞ்சுவது உணவு ஒவ்வாமை. இங்கே ஓர் ஆய்வுத் தொகுப்பு பயன்படும். உணவு ஒவ்வாமை கொண்ட 297 நாய்களைப் பற்றிய பதிவுகளை 2016-இல் மூன்று கால்நடைத் தோல் மருத்துவர்கள் தொகுத்தனர். மாட்டிறைச்சி 34 சதவீத நாய்களுக்கும், பால் பொருள்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி இந்த வரிசையில் மிகவும் பின்தங்கி நின்றது. அவை பெரும்பாலும் தோலில் அரிப்புடன் வந்த நாய்கள் என்பதால் அப்படியே வயிற்றுக்குப் பொருத்திவிட இயலாது. எனினும் ஒன்று தெளிவாகிறது. நாய்க்கு ஆகாதது பெரும்பாலும் புரதமே. அதிலும் அது தினந்தோறும் தின்று பழகிய புரதம்.

ஆகவே தேர்வு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நாய் இதுவரை எந்தப் புரதத்தைத் தின்று வந்தது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் உலர் உணவுகளில் மிகப் பலவற்றில் கோழிதான் அடிப்படை. முகப்பில் ஆட்டின் படமும், பின்புறப் பட்டியலில் கோழித் தூளும் கோழிக் கொழுப்பும் இருப்பது வழக்கமான காட்சி. ஐந்து மூட்டை மாற்றியும் பயனில்லை என்றால், ஐந்திலும் இருந்தது ஒரே கோழியாக இருக்கலாம். என் தமக்கை வைத்திருந்த மூட்டைகளில் நான்கின் நிலை இதுவே.

பட்டியலைப் படிப்பதிலும் சூட்சுமம் உள்ளது. 'தானியங்களும் தானிய உபபொருள்களும்', 'இறைச்சியும் இறைச்சி உபபொருள்களும்' என்று பொதுப்பெயரில் எழுதப்பட்ட உணவை வயிறு கெட்ட நாய்க்குத் தவிர்ப்பது நல்லது. அப்பெயர்களின் கீழ் இந்த மாதம் சோளமும் அடுத்த மாதம் கோதுமையும் விலைக்குத் தக்கபடி மாறலாம். பட்டியல் மாறாது, நாயின் வயிறு மாறும். அரிசி, ஆட்டிறைச்சித் தூள், மீன் எண்ணெய் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பதே மேல். பட்டியல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. 'புதிய கோழி' முதலிடத்தில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் போன பின் அதன் உண்மையான இடம் பட்டியலில் கீழே இருக்கும்.

மாவுச்சத்து எவ்வளவு என்பதை மூட்டை சொல்வதில்லை. எளிய கழித்தலில் கண்டுபிடிக்கலாம். புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மொத்தம் 53. மீதி 47 சதவீதம் மாவுச்சத்து. அது தவறல்ல. நாய் ஓநாயாக இருந்த காலம் போய்விட்டது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே உள்ளது என்றும், நாய்களிடம் 4 முதல் 30 படிகள் வரை உள்ளது என்றும் ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2013-இல் கண்டறிந்தனர். சோறு போட்டு நாய் வளர்த்த நம் பாட்டிமார்கள் மரபணு அறியாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆகவே 'தானியமற்றது' என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கப்படும் உணவு, வயிற்றுக்குத் தானாகவே நல்லதாகிவிடாது. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு வகைகள் அதிகம் சேர்க்கப்பட்ட உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 முதல் ஆராய்ந்தது. தொடர்பு உறுதிப்படவும் இல்லை, முழுமையாக விலக்கப்படவும் இல்லை.

கொழுப்பு இன்னொரு விஷயம். கணையக் கோளாறு இருந்த நாய்க்குக் கொழுப்பு மிகுந்த உணவு ஆபத்து. மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. நாரில், பீட் சக்கையும் இசப்கோலும் சிக்கரி வேரும் மலத்தைச் சீராக்க உதவுபவை. இவை சிறிய அளவில் பட்டியலில் இருந்தால் அது நல்ல அடையாளம். இவற்றுக்கெல்லாம் அடங்காத நாய்களுக்கு, புரதத்தை நுண்ணிய துண்டுகளாகச் சிதைத்து, உடல் அதை அடையாளம் காண முடியாதபடி செய்த மருத்துவ உணவுகள் உள்ளன. அவற்றின் விலை நடுத்தரக் குடும்பத்தை யோசிக்க வைக்கும்.

பட்டியலே பொய்யாக இருந்தால்? இத்தாலியில் ஒவ்வாமை நாய்களுக்கென்று விற்கப்பட்ட 12 உலர் உணவுகளை ஆய்வாளர்கள் சோதித்து 2013-இல் வெளியிட்டனர். இரண்டில் மட்டுமே பட்டியலும் உள்ளடக்கமும் ஒத்திருந்தன. மற்றப் பத்திலும் சொல்லப்படாத விலங்குகளின் எலும்புத் துகள்கள் இருந்தன. கடுமையான விதிகள் உள்ள ஐரோப்பாவின் நிலை இது.

பாட்டி தரும் பிஸ்கட்: புதிய உணவைத் தேர்ந்தெடுத்த பிறகு அதை ஒரே நாளில் மாற்றக் கூடாது. ஏழு முதல் பத்து நாள்கள் எடுத்துக்கொண்டு, முதலில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு, பிறகு முக்கால் என்று கூட்ட வேண்டும். அவசரத்தில் மாற்றினால் நல்ல உணவும் பேதி தரும். பழி உணவின் மீது விழும். வயிற்றுத் தொல்லை உணவால் வந்ததென்றால் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் மாற்றம் தெரியும். தோல் அரிப்பும் சேர்ந்திருந்தால் எட்டு வாரங்கள் பொறுக்க வேண்டும்.

இந்தச் சோதனை தோற்பதற்கு மூட்டை காரணமாக இருப்பதைவிட வீடு காரணமாக இருப்பதே அதிகம் எனலாம். மாடியில் குடியிருக்கும் பாட்டி பாசத்தோடு தரும் ஒரு துண்டு பிஸ்கட், குழந்தையின் தட்டிலிருந்து விழுந்த முட்டை, கோழிச் சுவை சேர்த்த குடற்புழு மாத்திரை ஆகிய எதுவும் கணக்கைக் குலைத்துவிடும். சாம்பார் சோறு தரும் பழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பால் பலவற்றுக்குப் பேதி தரும். தயிரில் பால் சர்க்கரை குறைவு என்பதால் சற்றுத் தேவலை. வயிறு கெட்ட நாள்களில் உப்பு, காரம், வெங்காயம் இல்லாத குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும் நம்பகமானவை. கோழி ஒவ்வாத நாய்க்கு மீன். ஆனால் அதையே மாதக்கணக்கில் தொடர்ந்தால் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் குறைந்துவிடும். முழுமையான உலர் உணவின் நியாயம் அங்கேதான் உள்ளது.

சோறும் கோழியும் என்று சொல்லும்போது பெங்களூரு மாநகராட்சியின் ஒப்பந்தப்புள்ளி நினைவுக்கு வருகிறது. 2025 ஜூலையில், சுமார் 5,000 தெருநாய்களுக்கு நாள்தோறும் உணவளிக்க 2 கோடியே 88 லட்சம் ரூபாய் மதிப்பிலான திட்டத்தை மாநகராட்சி அறிவித்தது. ஒரு நாய்க்குக் கோழி 150 கிராம், அரிசி 100 கிராம், காய்கறி 100 கிராம், எண்ணெய் 10 கிராம், உப்பும் மஞ்சளும் சிறிதளவு என்று அதில் விவரம் இருந்தது. சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம் உள்பட பலர் திட்டத்தை விமர்சித்தனர். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம், வார்டுதோறும் தெருநாய்களுக்கு உணவளிக்கத் தனி இடம் ஒதுக்க உத்தரவிட்டது. திட்டம் சரியா, தவறா என்பது தனி விவாதம். அந்த ஒப்பந்தப்புள்ளி தெருநாயின் ஒரு வேளை உணவைக் கிராம் கணக்கில் எழுதியது. 18 சதவீத வரி கட்டி வாங்கும் மூட்டையிடம் அப்படி ஒரு கணக்கை யாரும் கேட்கவில்லை.

வேறொரு முரணும் அருகிலேயே உள்ளது. ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஆடுகோடி. அங்கே 1923-இல் தொடங்கிய இம்பீரியல் கால்நடை, பால்வள நிறுவனத்துக்கு 1927-இல் காந்தியடிகள் வந்து மாடு வளர்ப்பு கற்றார். 1995 முதல் தேசிய விலங்கு ஊட்டம் மற்றும் உடலியங்கியல் நிறுவனமும் ஆடுகோடியில்தான் இயங்குகிறது. கறவை மாடு, ஆடு ஆகியவற்றின் தீவன ஆய்வுகளால் அறியப்பட்ட நிறுவனம் அது. முதோல், ராஜபாளையம் நாய்களுக்கு 2005-இல் அஞ்சல் தலை வெளியிட்டோம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்த இனங்களுக்கு எந்த உணவு எவ்வளவு செரிக்கும் என்பதை அளந்து மூட்டையில் அச்சிட வைக்கும் பணியை எந்த அமைச்சகமும் இன்னும் தன் பணியாகக் கருதவில்லை.

திறந்த மூட்டை: ஈஜிபுரா போன்ற பகுதிகளில் திறந்த மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் வழக்கம் உண்டு. சிறு வருவாய்க் குடும்பங்களுக்கு அது வசதி. ஆனால் உலர் உணவின் மேற்பரப்பில் தெளிக்கப்பட்ட கொழுப்பு காற்றுப் பட்டால் காறிப்போகும். மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சை நஞ்சால் அமெரிக்காவில் 2020 இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. அங்கே தொகுதி எண் இருந்ததால் மூட்டைகளைத் திரும்பப் பெற முடிந்தது. நிறுத்து வாங்கிய பாலித்தீன் பையில் தொகுதி எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. வயிறு கெட்ட நாய்க்கு அந்தப் பை வேண்டாம். சிறிய மூட்டையாக வாங்கி, மூட்டையோடு சேர்த்தே காற்றுப்புகா டப்பாவில் வைத்து, திறந்த ஒரு மாதத்தில் முடிப்பதே நல்லது.

வாந்தியோ பேதியோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும், ரத்தம் கலந்து வந்தாலும், நாய் தண்ணீரைக்கூடத் தள்ளினாலும், எடை குறைந்துகொண்டே போனாலும் உணவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. குட்டியாக இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. குவீன்ஸ் சாலையில் அரசு கால்நடை மருத்துவமனையும், ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

உணவுதான் காரணம் என்று மருத்துவர் கருதினால் ஒரு வழி மிச்சமுள்ளது. உணவுச் சட்டம் கைவிட்ட இந்த மூட்டையை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சாதாரணப் 'பொருள்' என்ற முறையில் ஏற்றுக்கொள்கிறது. பொருளின் குறையைச் சோதனையின்றி அறிய இயலாது என்றால், மாவட்ட ஆணையம் அதன் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப 38-ஆவது பிரிவு இடமளிக்கிறது. 45 நாள்களுக்குள் அறிக்கை வர வேண்டும். சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் நிற்க வேண்டுமானால் மூன்று பொருள்கள் கையில் இருக்க வேண்டும்: கடை ரசீது, மருத்துவரின் குறிப்பு, தொகுதி எண்ணுடன் கூடிய மூட்டையும் அதில் மீதமுள்ள உணவும். அழகான டப்பாவில் உணவைக் கொட்டிவிட்டு மூட்டையைக் குப்பையில் போடும் வழக்கத்தால், மூன்றாவது பொருள் பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை.